கொம்பு ஊறிய தண்ணீர்

இந்த ஊரில் குப்பைப் பைக்குள் கிடப்பது வெளியே தெரியும். தெரிய வேண்டும் என்பதுதான் விதி. ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்திலிருக்கும் சாகாய் நகரத்துக்கு நாங்கள் குடிவந்த மூன்றாம் வாரம், எரிக்கிற குப்பை போடும் நாளன்று, பையைக் கொண்டுபோய்க் காக்கைக்குப் போட்டிருக்கும் வலைக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். எதிர்வீட்டம்மா தன் பையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை என் பையில் நின்றது. உள்ளே, முட்டை ஓட்டுக்கும் வெங்காயச் சருகுக்கும் நடுவில், நாலு நாளைக்கு முன்னால் அவர் இரண்டு கையாலும் நீட்டிக் கொடுத்த கறுப்புப் பட்டை முழுசாகக் கிடந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலை வணக்கம் சொல்லி, லேசாகக் குனிந்து, தன் பையை வைத்துவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நம் ஊரில் ஒருத்தர் கொடுத்த பண்டம் வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் மாட்டுத் தொட்டியில் போடுவோம், கோழிக்கு வைப்போம். கொடுத்தவர் கண்ணில் படும்படி குப்பையில் எறிவோமா? அப்பா இருந்திருந்தால் அன்றைக்கு என்னோடு பேசியிருக்க மாட்டார்.

குடிவந்த அன்று இங்கத்து வழக்கப்படி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்து அறிமுகம் செய்துகொண்டோம். அதற்குப் பதில் மரியாதையாகத்தான் அவர் அந்தப் பட்டையைக் கொடுத்தார். முழங்கை நீளம், தோல்வார் மாதிரி விறைப்பு, மேலே அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் பொடி. கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை நான். காய்ந்த சரக்கில் வெள்ளை பூத்தால் பூசணம் என்றுதான் எனக்குத் தெரியும். அப்பாவின் மளிகைக்கடையில் மழைக்காலத்தில் கருவாட்டுக் கூடையை வெயிலில் கொட்டிப் புரட்டியவள். அதனால் யோசிக்காமல் தூக்கிப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் மணி அடித்தது. எதிர்வீட்டம்மா. (இங்கே எல்லாரையும் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். எழுதும்போது எதிர்வீட்டம்மா என்றால்தான் எனக்கு அவர் முகம் வருகிறது.) கையில் இன்னொரு பட்டை, ஒரு கத்தரிக்கோல், பிழிந்த ஈரத்துணி. கோபம் துளியும் இல்லை. அடுக்களைக்கு வரலாமா என்று கேட்டார். வந்து, துணியால் பட்டையை ஒரே ஒரு தடவை, குழந்தை முகம் துடைக்கிற மாதிரி துடைத்தார். மணலும் தூசியும் போனால் போதுமாம். அந்த வெள்ளையை விரலால் தொட்டு என் முன்னால் நீட்டி, நாக்கில் வைக்கச் சொன்னார். மெல்லிசாக இனித்தது. மானிட்டால் என்று அதற்குப் பெயர், பாசி காயும்போது உள்ளே இருந்து வெளியே வந்து படிவது. கழுவினால் அதுவும் போய்விடும்.

அவர் போனதும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கொம்புன்னு ஒண்ணு குடுத்தாகம்மா."

"கொம்பா? மாட்டுக் கொம்பாத்தா?"

"இல்லம்மா, கடல்பாசி. காஞ்ச பாசி. அதைத் தண்ணில ஊறப் போட்டு, அந்தத் தண்ணிலதான் இங்க எல்லாச் சமையலும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பாசியவா? கொழம்புக்கா?" என்றாள். எங்கள் பக்கம், கீழக்கரைக் கரையோரத்தில், கடல்பாசி என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று, பொம்பளைகள் கடலில் முங்கி எடுத்துக் காயவைத்து மூட்டை கட்டி வியாபாரியிடம் போடுவது. இன்னொன்று, நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு லாத்தா தட்டில் ஊற்றி உறையவைத்து, சாய்சதுரமாக வெட்டி, ரோஸ் நிறத்தில் கொடுத்து விடுவது. பாசியைக் குழம்புக்கு அடியாகப் போடுவது எங்கள் ஊர்க் கற்பனைக்கு எட்டாத காரியம்.

முதல் தடவை செய்தபோது எனக்கும் ஏமாற்றம்தான். எதிர்வீட்டம்மா சொன்ன கணக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம். ராத்திரியே ஊறப் போட்டாயிற்று. காலையில் பார்த்தால் பட்டை இரண்டு பங்கு அகலமாக விரிந்து, பச்சையும் பழுப்புமாக, தொட்டால் வழுவழுவென்று மிதக்கிறது. தண்ணீர் வெளுத்த மஞ்சள். சின்னத் தீயில் வைத்து, அடியில் முத்து முத்தாகக் குமிழி கிளம்பும்போது, கொதி வருவதற்குள், பட்டையை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பு இறங்கிக் கடல்நாற்றம் வந்துவிடும். ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அரிசி களைந்த தண்ணீருக்கு இருக்கிற குணம்கூட இல்லை. இதற்கா இத்தனை பக்குவம் என்று நினைத்துக்கொண்டே, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கி மறுபடி குடித்தேன்.

அந்த இரண்டாவது கரண்டியைத்தான் என்னால் மறக்க முடியாது. உப்பு விழுந்ததும் தண்ணீருக்குள் எங்கோ படுத்திருந்த ஒன்று எழுந்து உட்கார்ந்தது. நாக்கின் நடுவில் ஆரம்பித்து, பக்கவாட்டில் பரவி, விழுங்கின பிறகும் தொண்டையில் நின்றது. எங்கள் வீட்டில் இந்த ருசிக்குத் தனிப் பெயர் கிடையாது. குழம்பு நன்றாக அமைந்த நாளில் அப்பா, "இன்னைக்கு சாறு எறங்கிருக்கு" என்பார். அந்தச் சாறுதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அதுவரைக்கும் இந்த நாட்டின் ருசி என்று எனக்குத் தெரிந்தது வேறு. ஒசாகாவில் எந்த உணவகத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வாடை வரும். புகையும் மீனும் கலந்த வாடை. வந்த முதல் நாளே அதை நான் அடையாளம் கண்டுகொண்டேன்: மாசி. சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்த அதே மாசி. இங்கே கட்சுவோபுஷி என்கிறார்கள். நாம் உரலில் இடித்துச் சம்பல் செய்வோம், இவர்கள் மரச்சுருள் மாதிரி சீவிப் போடுகிறார்கள். இத்தனை தூரம் பறந்து வந்து, பெயர் தெரியாத ஊரில் இறங்கி, அப்பா கடையின் வாசத்தில் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் புரட்டாசி வந்தது. அப்பா கடையில் மாசி விற்பார், கருவாடு விற்பார். புரட்டாசி முப்பது நாளும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர விடமாட்டார். கடைச்சட்டையைத் திண்ணையிலேயே கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர் போன பிறகு அந்த மாதத்தை நான் விட்டதில்லை. இங்கே முதல் புரட்டாசியில் ஒரு நூடுல்ஸ் கடையில், தெரிந்த பத்து வார்த்தையை வைத்து, "மீன் இல்லையே, இறைச்சி இல்லையே" என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லை என்று தலையைக் குனிந்து உறுதி சொன்னார்கள். உதோன் வந்தது. வெளிர்நிறச் சாறு, மேலே பொரித்த தோஃபு. பாதிக் கிண்ணம் காலியான பிறகுதான் மூக்கில் அந்தப் புகை ஏறியது. மாசி.

அவர்கள் பொய் சொல்லவில்லை. மீன் துண்டு அதில் இல்லை. இவர்களுக்கு அந்தச் சாறு மீன் கணக்கில் வராது, தண்ணீர்க் கணக்கில் வரும். அது புரிய எனக்கு மாதக்கணக்காயிற்று. அன்றைக்குப் புரியவில்லை. ரயிலில் நின்றபடியே அழுதுகொண்டு வீடு வந்தேன். சனிக்கிழமை வேறு.

அதிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே வேலை. சோறு உருண்டைக்குள் கொம்பு வைத்து விற்கிறார்கள். ஆசையாக எடுத்தால் அதிலும் பலசமயம் மாசிச் சாறு. மிசோ என்கிற சோயா விழுதில் உண்டு, ஊறுகாயில் உண்டு, வெந்த கீரை மேல் உண்டு. ஒரு மாதம் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும்தான். கடைசியில் எதிர்வீட்டம்மாவிடமே போய்ச் சொன்னேன், எங்கள் வீட்டில் இப்படி ஒரு மாதம் உண்டு, அப்பா வழி என்று. அவர் முகம் மலர்ந்தது. புத்த மடத்துச் சமையலும் இப்படித்தான், ஷோஜின் என்று பெயர், அதில் மீன் படாது, கொம்பும் காய்ந்த ஷீத்தாக்கே காளானும் ஊறிய தண்ணீரை வைத்தே எல்லாம் செய்வார்கள் என்றார். என் விரதத்தை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இந்த நாட்டில் என்னை முதலில் புரிந்துகொண்டது அந்தப் பாசிதான் என்று அன்று தோன்றியது.

இப்போது புரட்டாசி என்றால் எங்கள் அடுக்களையில் ராத்திரி கொம்பு ஊறும். வெண்பூசணிக் கூட்டுக்கு அந்தத் தண்ணீர் அருமை. பாசிப்பருப்போடு சேர்ந்து ஒரு கனம் கொடுக்கும். ரசத்துக்கு வேண்டாம் என்பது என் முடிவு. மிளகும் புளியும் பூண்டும் சத்தம் போடுகிற இடத்தில் இது வாய் திறக்காது, வீண். சாறு எடுத்த பட்டையையும் எறிவதில்லை. எதிர்வீட்டம்மா அதை மெல்லிசாக நறுக்கி, சோயாவும் சர்க்கரையும் ஊற்றிச் சுண்டவைத்துத் 'சுகுதானி' செய்வார். சுடுசோற்றின் மேல் ஒரு ஸ்பூன் வைத்தால் போதும். நான் அதையே நல்லெண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளித்து, புளி கரைத்து ஊற்றித் தொக்காக்கினேன். ஒரு டப்பா நிறைய அவருக்குக் கொடுத்தேன். வெறும் டப்பா திரும்பி வரக்கூடாது என்பது நமக்கு எப்படியோ அப்படியே அவர்களுக்கும். ஒரே டப்பா, நீல மூடி, மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கிறது. ஒரு தடவைகூட காலியாகத் தெருவைக் கடந்ததில்லை.

நான் ஒசாகாவிலோ கோபேயிலோ வீடு பார்க்காமல் சாகாயில் பார்த்தது வாடகைக்காக. வந்த பிறகுதான் தெரிந்தது, கொம்புக்கு இது பேர்போன இடம் என்று. பாசி விளைவதோ இங்கேயிருந்து ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, குளிர்ந்த ஹொக்காய்தோ கடலில். ஜப்பானின் கொம்பில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கேதான். பழைய காலத்தில் கிடாமாயெபுனே என்ற பாய்மரக் கப்பல்கள் மேற்குக் கரையோரமாகவே வந்து, உள்கடலுக்குள் திரும்பி, ஒசாகாவில் சரக்கை இறக்கும். விளையாத ஊரில்தான் அதைச் சமைக்கும் பக்குவம் வளர்ந்தது. சாகாயிலோ பல நூற்றாண்டாகக் கத்தி அடிக்கிறார்கள். நல்ல கத்தி இருந்த ஊருக்கு நல்ல பாசி வந்து சேர்ந்ததால், பாசியைச் சீவுவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 'ஒபோரோ கொம்பு' என்பது அப்படிச் சீவிய பாசிதான்.

ஒருநாள் எதிர்வீட்டம்மா என்னை ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே நுழையும்போதே காடி (வினிகர்) வாசம். பாசியைக் காடியில் நனைத்து இளக்கி வைத்திருந்தார்கள். வயதான ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பட்டையின் ஒரு நுனியைக் காலால் மிதித்து, மறுநுனியை இடது கையால் இழுத்து விறைப்பாகப் பிடித்து, வலது கைக் கத்தியை மேலே ஓடவிட்டார். சர்ரென்று ஒரு சத்தம். வெங்காயச் சருகைவிட மெல்லிய ஏடு காற்றில் எழுந்து மடியில் விழுந்தது. கத்தியின் வாயை வேண்டுமென்றே இம்மி அளவு மடக்கி வைத்திருப்பார்களாம், இல்லாவிட்டால் வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். முதலில் கறுப்பு ஏடு வரும், புளிப்பு கூடியது. போகப் போக வெளுக்கும். கடைசியில் சீவ முடியாத நடுத்தாள் மிஞ்சும். அதை அயிலை மீன் சுஷியின் மேல் போர்த்துவார்கள்.

எல்லாரும் கத்தியைப் பார்த்தார்கள். நான் அந்தக் காலைப் பார்த்தேன். அம்மா அரிவாள்மனைப் பலகையை மிதித்துக்கொண்டு உட்காரும் அதே மடக்கு, அதே அழுத்தம். பெட்டியில் எடை கூடுகிறது என்று அரிவாள்மனையை விட்டுவிட்டு வந்தவள் நான். கத்திக்குப் பேர்போன ஊரில் குடியிருந்துகொண்டு, நின்றபடி பலகையில் வைத்து வாழைப்பூவை நறுக்கி (அதுவும் எப்போதாவது கிடைத்தால்), கை பழகாமல், இடுப்பு வலிக்க நிற்கும் போதெல்லாம் அந்தத் தரை ஞாபகம் வரும். அம்மா எதிரில் உட்கார்ந்து, நான் மடல் மடலாகப் பிரித்துக் கொடுக்க, அவள் நரம்பு எடுத்துக்கொண்டே ஊர்க்கதை சொல்வது. பட்டறையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன். கிண்ணத்தில் ஒரு பிடி ஒபோரோவைப் போட்டு, இரண்டு சொட்டு சோயா விட்டு, வெந்நீர் ஊற்றினால் அதுவே சூப். அடுப்பே தேவையில்லை. மழைநாளில் பள்ளியிலிருந்து வரும் மகளுக்கு அதுதான் இப்போது.

கொம்பைப் பற்றி அம்மாவிடம் நான் சொன்னவற்றில் அவளை நிலைகுலைய வைத்தது ஒன்று உண்டு. நம் ஊர் ஃபாஸ்ட்ஃபுட் கடை வாசலில் நிற்கும்போதெல்லாம், "அஜினோமோட்டோ போடுறாக, திங்காத" என்று கையைப் பிடித்து இழுத்தவள் அவள். அது ஒரு ஊர்ப்பெயரா ஆட்பெயரா என்றுகூடத் தெரியாமல் வளர்ந்தோம். 'ருசியின் மூலம்' என்று அதற்குப் பொருள். 1908-இல் தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த இகேடா கிகுனாயே, கொம்புத் தண்ணீரில் இருக்கும் அந்த ருசி எது என்று தேடிப்போனார். 12 கிலோ காய்ந்த கொம்பிலிருந்து 30 கிராம் குளுடமிக் அமிலம் பிரித்தெடுத்தார். அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். மறுவருஷமே அது உப்பாக, அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. இப்போது கரும்பு மாதிரியானவற்றைப் புளிக்கவைத்துச் செய்கிறார்கள். ஆனால் கதை ஆரம்பித்தது என் அடுக்களையில் ஊறுகிற இந்தப் பட்டையில்தான். பழுத்த தக்காளியிலும் அதே குளுடமேட் உண்டு.

"அப்ப அது பாசியிலருந்தா வந்துச்சு?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இருந்தாலும் புள்ளைக்குப் போட்டுராத" என்றாள்.

புத்தாண்டுக்கு எதிர்வீட்டம்மா கொம்பைச் சுருட்டிக் கட்டி வேகவைத்துக் கொடுப்பார். சந்தோஷப்படுவதற்கு அவர்கள் மொழியில் 'யொரொகொபு' என்று சொல்வதால், அந்த 'கொபு' ஒலிக்காகவே முதல் நாள் அதைச் சாப்பிட வேண்டுமாம். சித்திரை ஒன்றுக்கு வேப்பம்பூப் பச்சடி எதற்கு என்று நானும் அவருக்குச் சொன்னேன். குப்பை நாட்கள் மனப்பாடம். மகள் ஒசாகாப் பேச்சுப் பேசுகிறாள். இனி இதுதான் ஊர் என்று போன வருஷம் கணவரிடம் நானே சொன்னேன். சொன்ன அன்று ராத்திரி கனவில் தட்டு நிறைய ரோஸ் நிறக் கடல்பாசி. தேங்காய்ப்பால் மணம். மதில் மேலாக லாத்தாவின் கை.

போன தைக்கு ஊருக்குப் போனபோது பெட்டியில் ஒரு கட்டு மா-கொம்பு வைத்திருந்தேன், ஒசாகாக்காரர்கள் பெரிதாக மதிக்கும் ரகம். அம்மாவுக்கு என்றுதான் வாங்கினேன். ஆனால் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டியவள் வேறு ஒருத்தி. பாசி எடுக்கிற அத்தை. சொந்த அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டி, கண்ணாடி போட்டு, விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, பாறை இடுக்கில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பிய்த்தெடுக்கிறவள். முப்பது வருஷத்துக்கு மேலாக அதே வேலை. அவள் எடுக்கும் பாசி மூட்டையாகப் போய் அகர் என்கிற உறையவைக்கும் சரக்கு ஆகிறது என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

திண்ணையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். ஒரு பட்டையை மூக்கில் வைத்து இழுத்தாள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். வெள்ளையைப் பார்த்து அவள் பூசணம் என்று சொல்லவில்லை. நாக்கில் வைத்து, "இனிக்கிதுல்ல" என்றாள்.

"எம்புட்டு நீளம் வளருமாம்?"

"நம்ம ரெண்டு மூணு ஆள் ஒசரம் வளரும் அத்தை."

"அப்ப ரொம்ப ஆழத்துலயில்ல முங்கணும்?"

டிவியில் பார்த்ததைச் சொன்னேன். முங்குவதில்லை. கோடையில், விடிந்ததும் சின்னப் படகில் போவார்கள். அடியில் கண்ணாடி வைத்த பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி, அதன் கட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்ப்பார்கள். கவட்டை வைத்த நீளக் கம்பை இறக்கி, பாசியின் வேரடியில் சுற்றித் திருகி, அப்படியே பிடுங்கிப் படகில் போடுவார்கள். அன்றைக்கே கூழாங்கல் பரப்பிய கரையில் ஒன்றொன்றாக விரித்துக் காயவைத்துவிட வேண்டும்.

"படகுல இருந்துக்கிட்டேவா?"

"ஆமா அத்தை."

"முங்காம?"

அவள் பட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கம்பைப் பிடிக்கிற மாதிரி மூடி, ஒரு தடவை வலப்பக்கம் திருகிப் பார்த்தாள். பிறகு இடப்பக்கம்.